பெஸ்தாரி ஜெயாவில் யாரோடு, எதைச் சொல்லிச் சிரிக்கலாம்?

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்தின் பெஸ்தாரி ஜெயாவுக்கு வந்து, செம்பனை எண்ணெய் ஆலைகளின் இயந்திரங்களைப் பராமரிக்கும் நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்திருக்கிறீர்கள். உடன் வேலை செய்பவர்கள் மலாய்க்காரர்கள், சீனர்கள், இங்கேயே பிறந்த தமிழர்கள், இந்தோனேசியர்கள், வங்காளதேசத்தவர்கள். வாசலில் நேப்பாளக் காவலாளி. ஒரு காலைக் கூட்டத்தில், மூத்த மலாய் மேற்பார்வையாளர் தாமதமாக வந்ததை வைத்து நீங்கள் ஏதோ கேலி சொல்ல, ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் மட்டும் லேசாகப் புன்னகைத்தார். அன்றிலிருந்து உங்களோடு அளந்துதான் பேசுகிறார். அதே இடத்தில் முதல் வாரமே உங்களை ‘மச்சா’ என்று கூப்பிடுகிறார்கள், தொப்பையைப் பற்றிப் பேசுகிறார்கள். கேன்டீனில் வேலை செய்யும் வயதான மாக்சிக்கை, அதாவது மலாய் அத்தையம்மாவை, விலாவில் குத்தித் திடுக்கிட வைத்து எல்லோரும் சிரிக்கிறார்கள். ஊரின் பழைய பெயரை நீங்கள் சொன்னால் பையன்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். இதற்கு நடுவில் அலுவலகத் தீபாவளி விருந்தில் ஐந்து நிமிடம் ஜாலியாகப் பேச உங்கள் பெயரைப் போட்டுவிட்டார்கள். எதற்குச் சிரிப்பது, எதைச் சொல்லிச் சிரிக்க வைப்பது என்று கேட்கிறீர்கள்.

நான் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில், அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், பிறந்தவன். ஆலை அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கேள்வியைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. பல இனத்தார் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்குவது பெரும்பாலும் ஒரு சிரிப்பில்தான். மனம் கசந்து போவதும் அதே இடத்தில்தான்.

முதலில் ஊரைப் பற்றி. 1917-இல் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் போடப்பட்டது இங்கே பக்கத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான். போட்டவர் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அதாவது இந்த வட்டாரம் அன்றிலிருந்தே பன்னாட்டு ஊர். பிரெஞ்சுத் துரை, தமிழ்ப் பால்மரத் தொழிலாளி, சீனக் கடைக்காரர், ஈயச் சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், ஆற்றோரக் கம்பத்து (கிராமத்து) மலாய்க்காரர் எல்லோரும் இங்கே இருந்தார்கள். இப்போது அவர்களோடு தோட்டத்தில் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவரும், பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களும் சேர்ந்திருக்கிறார்கள். பழைய பெயர் விஷயம் எளிது: பத்தாங் பெர்ஜுந்தை என்பது மலாய்க் கொச்சையில் ஆபாசமாக ஒலிக்கும். 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றினார்கள். எங்களைப் போன்ற வயதானவர்கள் பழைய பெயரை இன்னும் சொல்வோம், யாரும் கண்டுகொள்வதில்லை. புதிதாக வந்த நீங்கள் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொன்னால் பையன்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். அதில் உங்களை இழிவுபடுத்தும் எண்ணம் எதுவும் இல்லை.

சரி, அந்தக் காலைக் கூட்டத்துக்கு வருவோம். நீங்கள் சொன்ன கேலி நல்ல கேலியாகவே இருந்திருக்கலாம். இங்கே ஒரு கேலி எடுபடுமா என்பதை முடிவு செய்வது சொன்னவருக்கும் கேட்டவருக்கும் நடுவில் இருக்கும் உறவு. ராட்கிளிஃப் பிரவுன் என்ற மானுடவியலாளர் 1940-இல் கேலி உறவுகள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சில உறவுகளில் ஒருவர் மற்றவரைக் கிண்டல் செய்ய உரிமை உண்டு, மற்றவர் கோபித்துக்கொள்ளக் கூடாது, அதுவே அந்த உறவின் மரியாதை என்று விளக்கினார். நமக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. மாமனும் மச்சானும் என்ன வேண்டுமானாலும் பேசிக்கொள்வார்கள். அதே பேச்சைச் சித்தப்பாவிடம் பேசினால் வீட்டில் அடி விழும். பெஸ்தாரி ஜெயாவில் உங்களுக்கு ரத்த உறவு யாரும் இல்லை. அதனால் இங்கே யார் மச்சான், யார் சித்தப்பா என்று ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த மேற்பார்வையாளர், நீங்கள் கேட்காமலேயே, சித்தப்பா இடத்தில் இருந்தவர்.

மலாய்க்காரர்களிடம் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை, தம்பி. மலாய்த் திரைக்கலைஞர் பி. ரம்லியின் நகைச்சுவைப் படங்கள் வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அவற்றின் வசனங்களை இங்கே மூன்று இனத்துப் பெரியவர்களும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்த ரம்லியை 1950-இல் கதாநாயகனாக்கிய இயக்குநர் சென்னையில் பிறந்த எல். கிருஷ்ணன் என்பதையும் நினைவில் வையுங்கள். இந்த மண்ணின் சிரிப்பில் நம் கையும் இருக்கிறது. ஆனால் மலாய் வழக்கத்தில், மூத்தவர் ஒருவரைக் குறை சொல்ல வேண்டுமானால் பக்கவாட்டில்தான் சொல்வார்கள். வேறு யாரையோ, ஏதோ ஒரு பழத்தையோ மழையையோ பற்றிப் பேசுவது போலிருக்கும். சம்பந்தப்பட்டவருக்குப் புரியும். சுற்றி இருப்பவர்கள் புரியாதது போல இருந்துவிடுவார்கள். எல்லோர் முன்னாலும் நேருக்கு நேர் சொல்வது அவருடைய முகத்தில் கரி பூசுவது. அவர் புன்னகைத்தார் என்று எழுதியிருக்கிறீர்களே, அது கூச்சத்தை மறைத்த புன்னகை. அவர் ரசித்தார் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இதைச் சரி செய்ய முடியும். மறுபடியும் கூட்டத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்காதீர்கள், அது அதே காயத்தை இரண்டாவது தடவை எல்லோருக்கும் காட்டுவது போலாகும். அவர் தனியாக இருக்கும்போது போய், “மாஃப் எஞ்சே, சாயா தெர்லெபாஸ் சக்காப்” என்று மட்டும் சொல்லுங்கள். வாய் தவறிப் பேசிவிட்டேன் என்று பொருள். காரணம், விளக்கம் எதுவும் வேண்டாம். அப்புறம் தே தாரிக் என்னும் பால் தேநீர் ஒன்று வாங்கிக் கொடுத்து, வேலையைப் பற்றி அவரிடம் ஏதாவது யோசனை கேளுங்கள். பாய்லரின் குணம் அவருக்குத் தெரிந்த அளவு உங்களுக்குத் தெரியாது, அதனால் அந்தக் கேள்வி உண்மையான கேள்வியாகவே இருக்கும். நோன்புப் பெருநாள் வரும்போது, “மாஃப் ஸாஹிர் டான் பாதின்” என்று கை கொடுங்கள். அகத்தாலும் புறத்தாலும் செய்த பிழை பொறுக்கக் கேட்கும் வழக்கம் அது. பிற இனத்தாரும் சொல்கிறார்கள். ஓராண்டுக்குள் சேர்ந்த சின்னச் சின்ன மனத்தாங்கல்கள் அன்றைக்குக் கரைவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன்.

‘மச்சா’ என்று கூப்பிடுகிறார்களே, அதற்கு வருத்தப்பட வேண்டாம். மலாய்க்காரப் பையனும் சீனப் பையனும் அந்தச் சொல்லை நம்மிடமிருந்துதான் எடுத்துக்கொண்டார்கள். எடுத்தவர்கள் சொல்லோடு சேர்த்து அந்த உறவையும் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் எனக்குப் பிடித்தது. உங்களை மச்சா என்பவர், என்னை நீயும் கிண்டல் செய்யலாம் என்று சொல்கிறார். ஒத்த வயதுக்காரராக இருந்தால் தாராளமாக ஏற்றுக்கொள்ளுங்கள். தொப்பை விஷயமும் அப்படித்தான். ‘குண்டாயிட்டீங்க’ என்பது இங்கே பல வீடுகளில் குசலம் விசாரிப்பது. நம் ஊரில் ‘என்ன இப்படி இளைச்சுட்டீங்க’ என்று அத்தைமார் கேட்பதில்லையா? “உங்க ஊர் நாசி லெமாக் செய்த வேலை” என்று சிரித்துவிட்டுப் போங்கள். ஆனால் பதிலுக்கு அவர்கள் உடம்பைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள், முக்கியமாகப் பெண்களிடமும் மூத்தவர்களிடமும். வந்த சில மாதங்களுக்குக் கேலியைப் பெறுகிற இடத்தில் இருப்பதுதான் நல்லது.

ஒரு சொல்லுக்கு மட்டும் விலக்குக் கிடையாது. நம்மவர்களை இழிவுபடுத்தும் ‘கெலிங்’ என்ற சொல்லை யாராவது விளையாட்டாகச் சொன்னாலும் சிரிக்காதீர்கள். கத்தவும் வேண்டாம். “அந்தச் சொல் வேண்டாம் போஸ்” என்று நேராகப் பார்த்துச் சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். நீங்கள் சிரித்துவிட்டால் அது அனுமதி ஆகிவிடும், அடுத்து அந்தச் சொல் உங்களோடு நிற்காது, ஸ்டோரில் வேலை செய்யும் தமிழ்ப் பெண்ணிடமும் போகும். இதே அளவுகோல் நமக்கும் உண்டு. மலாய்க்காரரையும் சீனரையும் குறிக்கத் தமிழர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்ளும் சில சொற்கள் இருக்கின்றன. அவர்களுக்குப் புரியாது என்று நினைத்துப் பேசுகிறார்கள். தோட்டப்புறத்தில் வளர்ந்த எத்தனையோ சீனக் கடைக்காரர்களுக்கும் மலாய் ஓட்டுநர்களுக்கும் தமிழ் நன்றாகத் தெரியும். உங்கள் பின்னால் வரிசையில் நிற்கும் சீனப் பெரியவர் ஒருவேளை தமிழ்ப் பிள்ளைகளோடு லயத்துத் திண்ணையில் விளையாடி வளர்ந்தவராக இருக்கலாம். இந்த ஊரில் தமிழ் ரகசிய மொழி அல்ல.

சீன நண்பர்களைப் பற்றிக் குறைவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அவர்களோடு உங்களுக்குப் பெரிய சிக்கல் வராது. நான் பழகிய பட்டறைக்காரர்கள் நேரடியாகப் பேசுவார்கள். சம்பளம் எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு என்று முதல் நாளே கேட்பார்கள். நீங்களும் கேட்கலாம். உங்கள் வேலையைத் திட்டிக்கொண்டே சொல்லிக் கொடுப்பவர் உங்களை ஏற்றுக்கொண்டுவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாவு, நோய், நஷ்டம் பற்றிய கேலி மட்டும் வேண்டாம். அதுவும் சீனப் புத்தாண்டு நாட்களில் கெட்ட வார்த்தை காதில் விழுவதையே விரும்ப மாட்டார்கள். கடிகாரத்தைப் பரிசாகக் கொடுக்காதீர்கள், நான்கு என்ற எண்ணை வைத்து விளையாடாதீர்கள், இரண்டும் அவர்களுக்குச் சாவை நினைவூட்டுபவை.

இப்போது நம்மவர்கள். நீங்கள் அதிகக் கவனமாக இருக்க வேண்டியது இங்கேதான், தம்பி. மொழி ஒன்று என்பதால் கேலியும் ஒன்று என்று தமிழகத்திலிருந்து வருபவர்கள் நினைத்துவிடுகிறார்கள். படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். வடிவேலு வசனம் தெரியாத பிள்ளை இந்த ஊரில் இல்லை. ஆனால் எங்கள் தமிழில் மலாய் கலந்திருப்பதைச் சொல்லிச் சிரிப்பது, நாங்கள் ‘பசியாறிட்டீங்களா’ என்று கேட்பதை நடித்துக் காட்டுவது, ‘எஸ்டேட்டுக்காரன்’ என்று ஒரு சொல் விடுவது, கள்ளுக்கடையைப் பற்றிக் கதை கட்டுவது, இவை எல்லாம் ஆழமாகத் தைக்கும். இந்தியாவிலிருந்து கங்காணிகள் மூலம் ஆள் கொண்டுவந்த முறை 1938-இல் நின்றது. அதற்குப் பிறகு பெரும்பாலான குடும்பங்களுக்கு ஊரோடு போக்குவரத்து நாளடைவில் குறைந்தது. பள்ளிக்கூடத்தைத் தோட்டத்துச் சிறு கொட்டகையில் வைத்தும், கோயில் திருவிழாவில் நாடகம் போட்டும் இந்தத் தமிழைக் காப்பாற்றினார்கள். பிறகு தோட்டங்கள் வீடமைப்புக்கும் வேறு வேலைகளுக்கும் கைமாறியபோது லயத்தை விட்டு வெளியேறி, மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். கள்ளுக்கடையால் அழிந்த வீடு ஒன்றாவது ஏறக்குறைய எல்லாச் சொந்தத்திலும் இருக்கும். அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கும் உரிமை அந்த வீட்டுக்காரருக்கு மட்டும்தான். அவர் சொல்லி அவரே சிரித்தால் நீங்களும் சேர்ந்து சிரிக்கலாம். நீங்களாக எடுத்துக் கொடுக்க வேண்டாம்.

இதோடு சேர்ந்த இன்னொன்று. நம் படங்களின் நகைச்சுவையில் நிறத்தையும் உருவத்தையும் பழிப்பதும், தலையில் தட்டுவதும், உதைப்பதும் நிறைய. கவுண்டமணி செந்திலை உதைப்பதைப் பார்த்து நான் எத்தனையோ இரவுகள் சிரித்திருக்கிறேன். அந்தப் பழக்கத்தில் கேன்டீனில் ஒரு மலாய்ப் பையனின் தலையில் செல்லமாகத் தட்டிவிடாதீர்கள். தலையைத் தொடுவது அவர்களுக்குப் பெரிய அவமரியாதை. ஆளைக் காட்டும்போது ஆள்காட்டி விரலை நீட்டாமல், மற்ற விரல்களை மடக்கிக் கட்டைவிரலால் காட்டுவதும் அவர்கள் வழக்கம். பழகிக்கொள்ளுங்கள்.

மாக்சிக் விஷயத்தைத்தான் நான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். நீங்கள் பார்த்ததற்கு மலாய்க்காரர்கள் லாத்தா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிலர், பெரும்பாலும் நடுவயதைத் தாண்டிய பெண்கள், திடீரென்று திடுக்கிட்டால் சில நொடிகளுக்குத் தன் வசத்தில் இருப்பதில்லை. வாயில் வந்ததைச் சொல்வார்கள், பல நேரம் வெளியில் சொல்லக்கூடாத சொல்லாக இருக்கும். எதிரில் இருப்பவர் கையை ஆட்டினால் அவர்களும் ஆட்டுவார்கள், ‘போடு’ என்றால் கையில் இருப்பதைப் போட்டுவிடுவார்கள். ஜாவாவிலும் இது உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே வெள்ளைக்காரர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இது நோயா, சமூகத்தில் கற்றுக்கொண்ட நடத்தையா என்று ஆய்வாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. சுற்றி இருப்பவர்களுக்கு அது வேடிக்கை. சில லாத்தாக்காரர்கள் தாங்களும் சேர்ந்து சிரிப்பதால் தவறில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் சிரித்து முடித்த பிறகு அந்த அம்மாவின் முகத்தைப் பாருங்கள். களைப்பும் வெட்கமும் இருக்கும். கையில் கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி இருக்கும்போது யாராவது குத்தினால் என்ன ஆகும் என்பதையும் யோசியுங்கள்.

அவரால் அந்தக் கேலியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. உங்களை மச்சா என்பவருக்கு நீங்கள் பதில் சொல்லலாம், நாளைக்கு அவரை மடக்கலாம். மாக்சிக் யாரையும் குத்த மாட்டார். எந்தக் கேலியையும் நான் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் பார்ப்பேன்: இது திரும்பி வர வழி இருக்கிறதா? இருந்தால் அது விளையாட்டு. இல்லையென்றால் சிரிப்புச் சத்தம் எவ்வளவு பெரிதாகக் கேட்டாலும் அதில் ஒருவர் தனியாக அடி வாங்கிக்கொண்டிருக்கிறார்.

அதற்காக மற்றவர்களுக்குப் பாடம் நடத்த வேண்டாம். புதிதாக வந்தவர் அதைச் செய்தால், மாக்சிக் மேல்தான் எரிச்சல் திரும்பும். நீங்கள் செய்யக்கூடியது சின்னது: அவரை நெருங்கும்போது எதிர்ப்பக்கமாக வந்து, தூரத்திலேயே “மாக்சிக், தே ஓ சாத்து” என்று குரல் கொடுங்கள், பால் சேர்க்காத தேநீர் ஒன்று என்று பொருள். மற்றவர்கள் குத்திச் சிரிக்கும் நேரத்தில் நீங்கள் சிரிக்காமல் உங்கள் சாப்பாட்டுக் காசை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருங்கள். ஒருவர் சிரிக்காமல் இருப்பதே ஒரு மேசையில் தெரியும். இளையவர்களில் ஒருவராவது கவனிப்பார்.

இதே கேள்வியை வைத்துத்தான் வெளிநாட்டுத் தொழிலாளர்களைப் பற்றிய கேலிகளையும் பார்க்க வேண்டும். நீங்களும் வெளிநாட்டுக்காரர்தான், ஆனால் நீங்கள் பொறியாளர். குலை வெட்டும் இந்தோனேசியரின், ஆலைத் தரையைக் கழுவும் வங்காளதேசத்தவரின் வேலை அனுமதி அவருடைய முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாட்டில் இருக்கும் உரிமையும் போய்விடும். அப்படிப்பட்டவர் உங்கள் கேலிக்குச் சிரிக்காமல் இருக்க முடியாது. அந்தச் சிரிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாதீர்கள். ‘பங்களா’, ‘இண்டோன்’ என்று சுருக்கிக் கூப்பிடுவது இங்கே சாதாரணமாகக் காதில் விழும். அவர்களுக்கு அது வலிக்கிறது. 2007-இல் மலேசியத் தகவல் அமைச்சே ‘இண்டோன்’ என்ற சொல்லைத் தவிர்க்கும்படி ஊடகங்களைக் கேட்டுக்கொண்டது. பெயரைக் கேட்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். மூத்தவராக இருந்தால் அண்ணன் என்ற பொருளில் அபாங், பாய் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

நம்மவர் உணவகங்களில் வேலை செய்யும் வங்காளதேசத்துப் பையன்கள் “என்ன சாப்பிடுறீங்க அண்ணே” என்று தமிழில் கேட்பார்கள். அதை அவர்கள் குரலிலேயே திருப்பிச் சொல்லிச் சிரிக்கும் தமிழர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். தோட்டத் துரைமார் தமிழ் கற்க வேண்டியிருந்த காலத்தில் அவர்களுக்கென்று கையேடுகள் அச்சாயின. அவற்றில் பெரும்பாலும் ஏவல் வாக்கியங்கள்தான்: வா, போ, எடு, சீக்கிரம். அந்தத் தமிழைக் கேட்டுப் பெரட்டுக்களத்தில், அதாவது காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் இடத்தில், யாரும் சிரிக்க முடியாது, லயத்துக்கு வந்த பிறகுதான் சிரிப்பார்கள் என்று என் தாத்தா சொல்வார். துரையைப் பார்த்துச் சிரித்தது திருப்பி அடிக்க முடியாதவன் சிரிப்பு. நம் பிள்ளைகள் இன்றைக்கு வங்காளதேசத்துப் பையனைப் பார்த்துச் சிரிப்பது அப்படிப்பட்டதா? அந்தப் பையன் மூன்றாவது மொழியில் உங்களுக்குச் சோறு போடுகிறான். அவனோடு சிரிக்க ஆசை இருந்தால், கிரிக்கெட் பேசுங்கள். இந்தியாவும் வங்காளதேசமும் ஆடும் நாளில் அவன் உங்களை ஒரு வழி பண்ணிவிடுவான்.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், வேலை அனுமதியில் இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும். இனம், மதம், ஆட்சியாளர்கள் ஆகிய மூன்றையும் இங்கே நகைச்சுவைக்கு எடுக்கக் கூடாது. 1969 மே 13 இனக் கலவரத்துக்குப் பிறகு, 1970-இல் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாடு அறிவிக்கப்பட்டது. அதன் ஐந்தாவது கோட்பாடு நன்னடத்தையும் ஒழுக்கமும். பள்ளிப் பிள்ளைகள் அதைச் சபையில் சொல்லித்தான் வளர்கிறார்கள். 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம் இன்னும் இருக்கிறது. இணையத்தில் போடுவதற்கு 1998-ஆம் ஆண்டு தகவல் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவு பாய்கிறது. 2022-இல் கோலாலம்பூர் நகைச்சுவைக் கூடம் ஒன்றின் மேடையில் ஒரு பெண் தலைத்துணியை அவிழ்த்தது பெரிய வழக்காகி, அந்தக் கூடத்தின் உரிமமே ரத்தானது. சென்னையில் ஒரு மேடையில் கைதட்டு வாங்கும் மதக் கிண்டலை இங்கே வாட்ஸ்அப் குழுவில் தட்டிவிடாதீர்கள். அதுவும் அலுவலகக் குழுவில் வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டிலும் இந்த எல்லை உண்டு. ஹலால் இல்லாததை விளையாட்டுக்குக்கூட ஒரு முஸ்லிம் நண்பர் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டாதீர்கள். மாட்டிறைச்சியைச் சொல்லி நம்மவர்களைச் சீண்டுபவர்களுக்கும் இதைத்தான் சொல்வேன். ரமலான் மாதத்தில் ‘அவர் ரகசியமாகச் சாப்பிட்டுவிட்டார்’ என்று ஒரு மலாய் நண்பரைக் கிண்டல் செய்வது வெறும் கிண்டலாக நிற்காது. முஸ்லிம்கள் நோன்புப் பகலில் பொது இடத்தில் சாப்பிடுவது சிலாங்கூரின் ஷரியா சட்டப்படி குற்றம். உங்கள் வாயால் அவருக்கு வம்பு வரக் கூடாது.

காட்டோரமாக வேலைக்குப் போகும்போது இன்னொன்றும் கவனிப்பீர்கள். பேய், புலி, யானை பற்றி உரக்கக் கேலி பேசினால், மலாய்க்காரர் “ஜாங்கான் செலுப்பார்” என்பார், வாயை அடக்கு என்று அர்த்தம். தமிழ்க் கங்காணி முனியாண்டி கோயில் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். சீனர் டத்தோ கோங் என்ற காவல் தெய்வத்தின் மாடத்தில் ஊதுவத்தி வைத்துவிட்டுத்தான் மண்வாரி இயந்திரத்தை எடுப்பார். தீபகற்பத்தின் ஓராங் அஸ்லி என்ற பழங்குடி மக்களில் பாத்தேக் போன்ற சில குழுவினர் விலங்குகளைப் பார்த்து ஏளனமாகச் சிரித்தால் இடியும் புயலும் வரும் என்று நம்புகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே கட்சி, தம்பி. அந்த நேரத்தில் நீங்களும் பேசாமல் நடந்து போங்கள்.

அப்படியானால் எதைச் சொல்லித்தான் சிரிப்பது? நிறைய இருக்கிறது. மழை வரும் நேரம் பார்த்து அடைத்துக்கொள்ளும் வடிகால், குரங்கு தூக்கிக்கொண்டு போன மதியச் சாப்பாட்டுப் பொட்டலம், முதல் தடவை டுரியான் வாசனை பட்ட அன்றைக்கு நீங்கள் முகத்தை வைத்துக்கொண்டது. வழி கேட்டால் எல்லா இனத்தாரும் “டெக்காட் சாஜா” என்பார்கள், பக்கம்தான் என்று. அந்தப் பக்கம் இரண்டு தோட்டங்களைத் தாண்டி இருக்கும். இவை எல்லோருக்கும் பொதுவானவை, யாரையும் தனியாக நிறுத்தி வைக்காதவை. இந்த ஊர் சிரிப்பது பெரும்பாலும் இந்த மாதிரி விஷயங்களுக்குத்தான். நேர்மாறாகச் சொல்லிக் குத்திக் காட்டும் பேச்சு, முகம் மாறாமல் சொல்லும் கிண்டல் இரண்டையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். இரண்டாவது, மூன்றாவது மொழியில் கேட்பவருக்கு அது நீங்கள் சொன்ன சொல்லாகவே போய்ச் சேரும்.

தீபாவளிப் பேச்சுக்கு வருகிறேன். உணவு ஏற்பாடு உங்கள் கையிலும் கொஞ்சம் இருந்தால், ஹலால் சமையல்காரரா என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். மாட்டிறைச்சி வேண்டாம், சைவத்துக்குத் தனி மேசையும் தனிக் கரண்டியும் போடச் சொல்லுங்கள். வயிறும் மனசும் நிம்மதியாக இருந்தால்தான் உங்கள் பேச்சுக்குச் சிரிப்பார்கள். ஐந்து நிமிடத்தை மூன்றாகக் குறைத்துக்கொள்ளுங்கள். தாமதம் பற்றி எதையும் தொடாதீர்கள், அந்த மேற்பார்வையாளருக்குக் காலைக் கூட்டம் நினைவுக்கு வரும். டுரியானையும் டெக்காட் சாஜாவையும் சொல்லுங்கள். முறுக்கு யார் வீட்டிலிருந்து வந்ததோ அவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லுங்கள். தரை கழுவும் பையன்களையும் காவலாளியையும் பெயர் சொல்லிச் சாப்பிட அழையுங்கள், அவர்கள் பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

முடிக்கும்போது ஒரு பந்துன் சொல்லுங்கள். நான்கு அடி மலாய்ச் செய்யுள் அது. முதல் இரண்டு அடி ஏதோ ஒரு காட்சியைச் சொல்லும், அடுத்த இரண்டு அடியில்தான் விஷயம் இருக்கும். மலேசியாவும் இந்தோனேசியாவும் சேர்ந்து கேட்டு 2020-இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் அது இடம்பெற்றது. கல்யாணத்திலும் விருந்திலும் ஒருவரை ஒருவர் சீண்டவும் பணிவாகப் பேசவும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். புதிதாக வந்தவருக்கென்றே ஒரு பழைய பந்துன் இருக்கிறது:

புவா செம்பெடாக் டி லுவார் பாகார்,
அம்பில் காலா தோலோங் ஜோலோக்கான்;
சாயா புடாக் பாரு பெலாஜார்,
கலாவ் சாலா தோலோங் துன்ஜோக்கான்.

வேலிக்கு வெளியே செம்பெடாக் பழம், துறட்டி எடுத்துத் தட்டிவிடுங்கள். நான் இப்போதுதான் படிக்கும் பிள்ளை, பிழை இருந்தால் காட்டித் தாருங்கள். முதல் இரண்டு அடி சொல்லும்போதே மலாய் மேசையிலிருந்து உங்களோடு சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடுவார்கள், எல்லோருக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து தெரிந்தது. அவர்கள் சேரும்போது நீங்கள் வேகத்தைக் குறைத்து இடம் கொடுங்கள். விருந்துக்கு இரண்டு நாள் முன்னால் பழகிய மலாய் நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள், ‘ஜோலோக்கான்’ என்ற இடத்தில்தான் நம் நாக்கு கொஞ்சம் தடுக்கும்.